எங்க மேல என்ன கேஸ்? மலையில் நோயாளிக்குக் கூட நிற்கும் வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரி பக்கம் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். லயன் வீட்டுத் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) திண்ணையில், அரவேணு பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே நின்றாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு தடவையும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வருவது மனதுக்கு உறுத்தலாக இருந்தது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே வைத்திருக்கிறேன். உதாரணமாக வருகிறவர்களை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"நோட்டுல கேஸ்னு எழுதுறீங்களே, எங்க மேல என்ன கேஸ்?"

யார் மேலும் எந்தக் கேஸும் இல்லை. இந்த வேலைக்கு 'கேஸ் மேனேஜ்மென்ட்' என்று பெயர் வந்துவிட்டது. சில தாள்களில் 'வழக்கு மேலாண்மை' என்றுகூட மொழிபெயர்க்கிறார்கள். படித்தவுடன் கோர்ட்டும் போலீசும்தான் ஞாபகம் வரும். கீழ்க்கோத்தகிரியில் ஒரு வீட்டில் நான் அந்தச் சொல்லைச் சொன்னதும், உடம்பு முடியாத பெரியவர் பின்வாசல் வழியாகத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து என் நோட்டில் ஆளின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். ஒருவருக்கு நோயும் முதுமையும் பணக்கஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்து வரும்போது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அத்தனை கதவுகளையும் தெரிந்த ஒருவர், அந்த ஆளின் முழு நிலைமையையும் மனதில் வைத்துக்கொண்டு, கடைசிவரை கூட நின்று பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலை. அந்த ஒருவரை இங்கே 'பொறுப்பாளர்' என்று எழுதுகிறேன். ஊரில் 'சோசியல் ஒர்க்கர் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதுவும் சரிதான்.

"டாக்டர் இருக்காங்க, நர்ஸம்மா வர்றாங்க, மாத்திரை வீட்டுக்கே வருது. நடுவுல நீங்க எதுக்கு?"

நியாயமான கேள்வி. கிராம சுகாதாரச் செவிலியர் வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மலையில் அது சின்ன விஷயம் இல்லை. அவர்கள் வேலையை நான் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

ஆனால் ஒரு பாட்டியைப் பாருங்கள். சுகர் மாத்திரை வருகிறது. கண் மங்கிவிட்டதால் எந்த மாத்திரை காலைக்கு, எது ராத்திரிக்கு என்று தெரியவில்லை. கண் ஆபரேஷனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. கூடப் போக ஆள் இல்லை, மகள் ஒருநாள் தேயிலைப் பறிப்புக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். உதவித்தொகைக்குக் கேட்டால் ஆதாரில் வயது தப்பாக இருக்கிறது. டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தார், செவிலியர் செய்தார், ஆபீசிலும் விதிப்படிதான் சொன்னார்கள். பாட்டி மட்டும் எட்டு மாதமாக அதே இருட்டில் உட்கார்ந்திருந்தார். சீட்டு எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம். சீட்டோடு போன ஆள் அந்தக் கதவுக்குப் போய்ச் சேர்ந்தாரா, உள்ளே என்ன நடந்தது, திரும்பி வந்து என்ன செய்கிறார் என்று பார்க்கத்தான் ஒரு ஆள் வேண்டும்.

"முதல் நாளே இத்தனை கேள்வியா? தண்ணி எங்க பிடிக்கிறோம்னுகூட கேக்குறீங்க?"

தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்பது வைத்தியத்தோடு சம்பந்தப்பட்டதுதான். மூட்டு வலிக்கு மருந்து எழுதிய டாக்டருக்கு, நீங்கள் நாற்பது படி இறங்கிக் குடம் தூக்குகிறீர்கள் என்று தெரியாது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், நீர் பிரியும் மாத்திரையை ராத்திரி பனியில் போக பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, சமைப்பது யார், மாத்திரைச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் உண்டா, கடன் இருக்கிறதா, யாரிடம் மனம் விட்டுப் பேசுவீர்கள் என்று எல்லாமே கேட்பேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்பது தப்பு என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். இப்போது முதல் நாள் அவசரமானதை மட்டும் கேட்டுவிட்டு, மீதியை இரண்டு மூன்று வருகையில் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொள்கிறேன். சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் இருக்கலாம். அதனால் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் நின்றுபோகாது.

"திட்டம் திட்டம்னு சொல்றீங்க. அது டாக்டர் போடுறதா, நீங்க போடுறதா?"

நோயாளி போடுவது. நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு படகர் பெரியவரிடம் "என்ன வேணும் தாத்தா?" என்று கேட்டபோது, "ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நடந்து போகணும்" என்றார். படகர் சமூகத்தார் கும்பிடும் தெய்வம் அது. கையைத் தூக்கு, காலை நீட்டு என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதை அதுவரை அவர் காதில் வாங்கியதே இல்லை. வீட்டிலிருந்து கோவில் வரை எத்தனை அடி, எங்கே மேடு, எங்கே உட்கார்ந்து இளைப்பாறலாம் என்று கணக்குப் போட்டுப் பயிற்சியை அதற்கேற்ப மாற்றினோம். பண்டிகைக்குப் பாதித் தூரம் நடந்தார், மீதித் தூரம் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

திட்டத்தில் மூன்று காரியத்துக்கு மேல் எழுத மாட்டேன். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று பெயரோடு இருக்க வேண்டும். ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கும்.

"இதெல்லாம் வெளிநாட்டு முறைதானே? அங்க எப்படிச் செய்றாங்க?"

எழுத்தில் வந்த முறைகள் பெரும்பாலும் அங்கே உருவானவைதான். அமெரிக்காவில் 1950-களுக்குப் பிறகு பெரிய மனநல மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளை வெளியே அனுப்பினார்கள். வெளியே வந்தவர்களுக்கு வீடு ஓரிடம், மருந்து ஓரிடம், பணம் ஓரிடம் என்று ஆனது. பலர் தவித்துப்போனார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பொறுப்பாளர்களை வைக்கத் தொடங்கினார்கள். பிரிட்டனில் இது முதியவர்களிடமிருந்து வளர்ந்தது. 1970-களில் கென்ட் பகுதியில் ஒரு சோதனை செய்தார்கள்: முதியோர் இல்லத்தில் ஒருவரை வைக்க ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு வரை, அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் செலவு செய்யும் அதிகாரத்தைச் சமூகப் பணியாளரிடமே கொடுத்தார்கள். அண்டை வீட்டாருக்குச் சிறு தொகை கொடுத்து உதவச் சொல்வதுகூட அதில் நடந்தது. அப்புறம் 1990-இல் நாடு முழுவதற்கும் சட்டமே வந்தது.

முறைகளில் நாலு வகையைச் சொல்லலாம். ஒன்று, இணைத்துவிடும் முறை. தேவையைக் கேட்டு, சரியான இடத்துக்கு அனுப்பி, போனாரா என்று விசாரிப்பதோடு சரி. அலைச்சல் குறைவு, பலன் அதற்கேற்ற அளவுதான். இரண்டாவதில், பொறுப்பாளரே ஆற்றுப்படுத்தும் (கவுன்சலிங்) பயிற்சி பெற்றவராக இருந்து, அனுப்புவதோடு நில்லாமல் தானும் பேசிச் சரிசெய்வார். மூன்றாவது, ஒரு குழுவே வீடு தேடிப் போவது. 1970-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் லெனார்ட் ஸ்டெய்ன், மேரி ஆன் டெஸ்ட் முதலானோர் இதைத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழு. ஒரு பணியாளருக்குப் பத்துப் பேர் என்ற அளவு. ராத்திரியிலும் ஆள் உண்டு. நாலாவது, பலத்திலிருந்து தொடங்கும் முறை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ராப் குழுவினர் 1980-களில் வளர்த்தது. என்ன குறை என்று பட்டியல் போடாமல், இவருக்கு என்ன தெரியும், என்ன ஆசை, யார் துணை என்று தொடங்குவார்கள். ஹெத்தையம்மன் தாத்தாவுக்குச் செய்தது இந்த வழிதான், அன்று எனக்கு அதன் பெயர் தெரியாது.

"அது அப்படியே நம்ம மலைக்கு ஒத்துவருமா?"

அப்படியே வராது. அங்கே வாரம் இரண்டு தடவை வீட்டுக்குப் போ என்பது காரில் கால்மணி நேரம். இங்கே சோலூர்மட்டம் தாண்டி உள்ளே போனால் ஒரு வீட்டுக்கு ஒரு நாள். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு வந்தால் மேட்டுப்பாளையம் ரோடே நின்றுபோகும். 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போன மாவட்டம் இது. அதனால் மழைக்காலத்துக்கு முன்பே கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பெயரை எடுத்து, கையில் கூடுதல் மாத்திரை இருக்கிறதா, ரோடு நின்றால் எங்கே போவது என்று தனியாக ஒரு ஏற்பாடு செய்கிறேன். எந்தப் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு சிக்கல். அவர்களுக்கு ஊட்டியைவிட சுல்தான் பத்தேரி கிட்டே. வைத்தியம் கேரளாவில், ரேஷன் கார்டும் காப்பீடும் தமிழ்நாட்டில். இரண்டு பக்கச் சீட்டும் ஒரே ஃபைலில் இருப்பதைப் பார்த்துக்கொள்வதே பொறுப்பாளரின் பாதி வேலையாகிவிடுகிறது. அப்புறம் மொழி. படகர்கள் தங்கள் படகு மொழி பேசும் ஹட்டி (அவர்கள் ஊர்), இருளர் பழங்குடியினர் இருக்கும் கரிக்கையூர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வாழும் தோட்ட லயன், பணியர் பழங்குடியினரின் பாடி (குடியிருப்பு) என்று பேச்சு மாறிக்கொண்டே போகும். அந்தந்த ஊர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்துச் சேர்த்தால்தான் இந்த வேலை நடக்கும் என்பது என் உறுதியான எண்ணம். 1990-இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாக நின்று காட்டிவிட்டார்கள்.

"ஒரு ஆளு எத்தனை பேரைப் பார்க்க முடியும்? எங்க வீட்டுக்கு மாசம் ஒருக்காதானே வர்றீங்க?"

என் கையில் இப்போது 34 பேர். மலைக்கு இது அதிகம். அதனால் எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வந்தவர், தனியாக இருப்பவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு பேசியவர், இவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது போவேன். நிலைமை சீரானவர்களுக்கு மாதம் ஒருமுறை, நடுவில் போன்.

ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1999-இல் பிரிட்டனில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கடும் மனநோய் உள்ள சுமார் 700 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பணியாளருக்கு 10 முதல் 15 பேர், இன்னொன்றில் 30 முதல் 35 பேர். இரண்டு வருடம் பார்த்தும் மருத்துவமனையில் கழித்த நாட்களில் வித்தியாசம் வரவில்லை. கிடைத்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"உதவித்தொகை வாங்கித் தருவீங்களா? எவ்வளவு கொடுக்கணும்?"

ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். யாராவது என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தாள்களைச் சரிசெய்து, கூட வந்து, பதில் வரும்வரை விசாரிப்பேன். கொடுப்பதா இல்லையா என்பது அந்தந்த அலுவலகத்தின் முடிவு.

அடிக்கடி தவறவிடுபவை: வருடம் 1,20,000 ரூபாய்க்குக் குறைவான வருமானம் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு, 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை, 2024 நவம்பரிலிருந்து காசநோயாளிக்குச் சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாயாகக் கிடைக்கும் ஊட்டச்சத்துத் தொகை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.

"கோயம்புத்தூர்ல ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. இனி என்ன?"

இனிதான் கவனம் வேண்டும். என் ஆரம்ப வருடங்களில் நடந்தது. தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரைச் சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பியது. எனக்குத் தகவல் வரவில்லை, நானும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஒன்பதாம் நாள் போனபோது இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரையையும் ஆஸ்பத்திரி புதிதாக எழுதியதையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். இரண்டும் ஒரே அம்லோடிபின், கம்பெனிப் பெயர்தான் வேறு. தலை சுற்றி லயன் படியில் விழுந்துவிட்டார். டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை.

அதற்குப் பிறகு சில விஷயங்களை விடுவதே இல்லை. வீடு வந்த இரண்டு நாளுக்குள் போன், ஒரு வாரத்துக்குள் நேரில். போனதும் வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், பரணில் கிடப்பது உட்பட, ஒரு முறத்தில் கொட்டச் சொல்வேன். எது எதற்கு என்று செவிலியரிடமோ டாக்டரிடமோ போனில் கேட்டு உறுதி செய்துவிட்டு, வேண்டாததைத் தனியே கட்டிவைப்போம். எந்த அறிகுறி வந்தால் 108-ஐக் கூப்பிடுவது என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். நீங்களும் டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையில் எதை நிறுத்தணும்?"

"அரிவாள் செல் இருக்குன்னு கார்டு கொடுத்துட்டாங்க. இதுக்குத்தான் மருந்தே இல்லையாமே?"

மருந்து இருக்கிறது. பெற்றோரிடமிருந்து வரும் ரத்த நோய் இது, வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் இந்த அரிவாள் வடிவ ரத்த அணுவை 1952-இல் முதன்முதலில் கண்டது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 2047-க்குள் ஒழிப்பது என்று தேசிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலையில். நடுவில் எத்தனை பிள்ளைகள் 'சத்துக் குறைவு' என்ற பேரோடு போய்ச் சேர்ந்தார்களோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

முதலில் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடத்துபவர் (தனக்கு நோய் இல்லாமல், பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்) என்றால் பெரும்பாலும் உடம்புக்குத் தொந்தரவு இல்லை. இருவர் கடத்துபவராக இருந்து கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு உண்டு. நோய் உள்ளவர் என்றால் டாக்டர் சொல்லும் ஹைட்ராக்சியூரியா, ஃபோலிக் ஆசிட், தவறாத ரத்தப் பரிசோதனை. குளிரும் தண்ணீர் குடிக்காததும் வலியைக் கிளப்பிவிடும். மார்கழிப் பனியில் இங்கே இது பெரிய பாடு. கம்பளி, வெந்நீர், காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுவேன். பள்ளிக்கூடத்திலும் பேச வேண்டும், வலியில் படுக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலும் இந்த நோய் இடம்பெற்றிருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை.

"தம்பிக்கு மனசு சரியில்லைனு வெளிய தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுடும். சொல்ல மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தம்பிக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் இருந்தாலும் மலை ஊரில் ஜீப் வந்து வீட்டு முன்னால் நின்றாலே சேதி பரவிவிடும். அதனால் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவேன். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று உங்களிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வேன். மற்ற துறையிடம் பேச வேண்டியிருந்தால், எதைச் சொல்லலாம் என்று தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன்.

அவருக்கோ இன்னொருவருக்கோ உயிராபத்து என்று தெரிந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். ராத்திரியில் மனம் தாங்காமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

"அப்பா மாத்திரை வேண்டாங்கிறார். நீங்க கொஞ்சம் அதட்டிச் சொல்லுங்க."

அதட்ட மாட்டேன். ஏன் வேண்டாம் என்கிறார் என்று முதலில் கேட்போம். கழிப்பறை பற்றி மேலே சொன்னேனே, அப்படி ஒரு காரணம் அநேகமாக இருக்கும். கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, மருமகளிடம் தண்ணீர் கேட்கக் கூச்சம் என்று எதுவும் இருக்கலாம். பாதி வீடுகளில் டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றினாலே சரியாகிவிடும்.

எல்லாம் புரிந்துகொண்டும் வேண்டாம் என்றால், அது அவர் உடம்பு, அவர் முடிவு. விட்டுவிட்டுப் போக மாட்டேன், அடுத்த வாரமும் வந்து டீ குடித்துப் பேசிவிட்டுப் போவேன். புரிந்துகொள்ளும் நிலையிலேயே இல்லை என்ற சந்தேகம் வந்தால், அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர், நானோ நீங்களோ இல்லை. சோற்றில் மாத்திரையைக் கலந்து கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொண்டதில்லை. ஒருநாள் தெரிந்துவிட்டால் அந்த வீட்டுச் சோற்றையே அவர் நம்ப மாட்டார்.

"நாங்க திருப்பூர்ல இருக்கோம், லீவு கிடைக்காது. அம்மாவை நீங்களே பாத்துக்கங்களேன்?"

பச்சைத்தேயிலைக்கு விலை இல்லாமல் பிள்ளைகள் கீழே இறங்கிப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் செய்யக்கூடியது, அக்கம்பக்கத்தில் யார் காலையில் எட்டிப் பார்ப்பார், மருந்து யார் வாங்குவார், அவசரத்துக்கு யார் என்று ஒரு வளையம் போட்டுக் கொடுப்பது. பிள்ளைகள் பங்குக்குத் தினமும் ஒரே நேரத்தில் போன், மாதம் ஒரு தொகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேரில் என்று திட்டத்தில் உங்கள் பெயரையும் எழுதுவேன்.

அம்மாவைக் கவனிக்காமலே விட்டால், அவர் விரும்பினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க உதவுவேன். கோத்தகிரிக்காரர்களுக்கு அது குன்னூர். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். அப்போது நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். அம்மா பக்கம். எனக்குச் சம்பளம் கொடுக்கும் இடத்தோடோ, ஆஸ்பத்திரியோடோ, உங்களோடோ கருத்து வேறுபட்டாலும் நோயாளி பக்கம்தான். ஆனால் பெரும்பாலான தாய்மார்கள் மனுவே வேண்டாம் என்கிறார்கள். "பையன் ஒரு தடவை வந்துட்டுப் போனா போதும்" என்கிறார்கள்.

"எப்ப எங்களை விடுவீங்க? விட்டப்புறம் திரும்ப உடம்பு முடியாமப் போனா?"

திட்டத்தில் எழுதிய மூன்றும் நடந்து, நான் இல்லாமலே அடுத்த தடவை மருந்து வாங்கிவிட்டீர்கள் என்றால், வருகையைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவேன். சொல்லாமல் நிற்க மாட்டேன். காசநோய்க்கு ஆறு மாதம் போதும், அரிவாள் செல் குடும்பத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். மறுபடி முடியாமல் போனால் ஒரு போன் போதும், பழைய நோட்டையே திறப்பேன்.

"உங்களுக்குப் பதிலா வேற ஆள் வந்தா, திரும்ப முதல்லேந்து அழுது சொல்லணுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டது, கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண். அவர் வீட்டுக்கு ஐந்து வருடத்தில் நாலு பேர் மாறி மாறிப் போயிருக்கிறார்கள். நாலு பேரும் "எப்படி இறந்தார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்போது நாங்கள் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் வருகிறோம், குறைந்தது இரண்டு தடவை. எழுதி வைத்ததைப் புதியவர் படித்துவிட்டு வருவார். மறுபடி கேட்கக் கூடாதது எது என்று நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் வார்த்தையிலேயே, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறோம். அந்தப் பெண்ணின் நோட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "அவரைப் பத்திக் கேக்காதீங்க, நானே சொல்வேன்."